ஒரு பூச்சி மிஞ்சாது

அந்தக் குடியிருப்பில் அவருக்கு மருந்துக்காரர் என்றுதான் பெயர். வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிப்பது அவர் தொழில். கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி ஆகியவைதான் அவருக்குப் படியளந்தவை. முதுகில் தொட்டி, முகத்தில் முகமூடி, காலில் ரப்பர் பூட்ஸ் என்று அவர் தெருவில் இறங்கினால் பூனைகூட வழிவிட்டு நிற்கும். கடை வாசலில் தகரப் பெட்டி மாதிரி ஒரு பெரிய பெயர்ப்பலகை, உள்ளே விளக்கு எரியும். மல்லாந்து செத்த கரப்பான் படம், அதற்குக் கீழே சிவப்பெழுத்தில் ‘ஒரு பூச்சி மிஞ்சாது!’ உண்மையில் மிஞ்சத்தான் செய்யும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? தொழில் என்றால் அதற்கென்று ஒரு தர்மம் வேண்டாமா?

வேலை முடிந்து வந்ததும் கொல்லைப்புறக் குழாயடியில் தொட்டியைக் கழுவி ஊற்றுவார். கடையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. வருஷக்கணக்காக இப்படி ஊற்றி ஊற்றி அந்தக் கொல்லை வழுக்கைத் தலையாகிவிட்டது. புல் இல்லை, புழு இல்லை, எறும்புகூட எட்டிப் பார்க்காது. அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கச் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, துணி உலர்த்தும்போது அந்த மண்ணைப் பார்த்து முகம் சுளிப்பாள்.

“ஏங்க, இந்த மண்ணை என் லேபுக்கு எடுத்துட்டுப் போனா மிஷினே மயக்கம் போட்டுடும்” என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அந்த மண்ணில் ஒரு பூசணி முளைத்தது. சமையல் கழிவோடு விழுந்த விதையாக இருக்கும். இரண்டு இலையோடு குழாயடிக்குப் பக்கத்திலேயே திமிராக நின்றது. மருந்துக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு விஷத்தைக் குடித்துவிட்டு ஒன்று பிழைத்து நிற்கிறதென்றால், அது தொழிலுக்கே இழுக்கல்லவா? மறுநாள் காலையில் மூன்றாவது இலை வந்திருந்தது. என்னவோ தெரியவில்லை, மனுஷன் அதன் எதிரே குந்தி உட்கார்ந்தவர் வேலைக்குக் கிளம்பவே மறந்துபோனார். பெற்ற பிள்ளை நடந்ததைப் பார்த்த மாதிரி முகமெல்லாம் பூரிப்பு.

ஞானம் பிறந்தவனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் கொட்டினார். தெருச் சருகெல்லாம் வீட்டுக்கு வந்தது. சாணம் வந்தது. மண்புழுவைக் கூடையில் வைத்து, புதுப் பெண்ணை அழைத்துவருகிற மாதிரி பதவிசாகக் கொண்டுவந்தார். இனிமேல் தோட்டத்தில் ஒரு சொட்டு மருந்து விழக்கூடாது, தொட்டியை இங்கே கழுவவே கூடாது என்று சட்டம் போட்டார்.

“அப்ப எங்க கழுவுவீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“அதெல்லாம் பார்த்துக்கலாம். மிச்சம் இருக்கறதுக்கு மேலேயே ஊத்திக்கிட்டாப் போச்சு.”

“கழுவாத குழாயில பிடிச்ச ரத்தம் பொய் சொல்லுங்க.”

“இது ரத்தமாடி? விஷந்தானே!” என்றார். பெண்டாட்டி சொன்னதைக் காதில் வாங்கினால் அப்புறம் அவர் என்ன புருஷன்!

பனிக்காலத்தில் அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சி அப்பியது. கை நமநமவென்று அரித்தாலும் தொட்டியைத் தொடவில்லை. பொறிவண்டு வந்து தின்னும் என்று காத்திருந்தார். கடைசியில் வண்டு வரத்தான் செய்தது, ஆனால் அதற்குள் அவரைக்கொடி போய்விட்டது. எலுமிச்சைக் கன்றில் பச்சைப் புழுக்கள் ஏறி ஓர் இலை விடாமல் தின்று தீர்த்தன. “தின்னட்டும், பட்டாம்பூச்சி ஆகப்போற குழந்தைங்க” என்று பக்கத்திலேயே காவல் இருந்தார். கோடையில் மண்சட்டியில் தண்ணீர் வைத்தார். குருவி குடித்தது, அணில் குடித்தது. குடித்த தெம்பில் தக்காளியை ஒன்று விடாமல் கடித்துப்போட்டது. வீட்டு நிலைக்கதவில் கரையான்கூட ஏறியது. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான்.

அப்புறம் தினமும் எட்டரை மணிக்குப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஊரான் வீட்டுப் பூச்சிகளைக் கொல்லக் கிளம்பிவிடுவார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. அதிலும் அடிப்பதற்கு முன்னால் வாடிக்கையாளருக்கு உபதேசம் வேறு.

“அம்மா, கரப்பானும் ஒரு உயிர்தான். யோசிச்சுக்கங்க.”

“யோசிச்சுத்தாங்க உங்கள வரச் சொன்னேன்” என்றாள் ஒருத்தி.

இத்தனை செய்தும் பூசணி மட்டும் காய்க்கவில்லை. கொடி ஓடியது, பூவாகப் பூத்துத் தள்ளியது. பிஞ்சு மட்டும் வெம்பி வெம்பி உதிர்ந்தது. காரணம் அவருக்குத் தெரியும். ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தேனீ வேண்டும். அந்தக் குடியிருப்பிலோ தேனீ என்று ஒன்று மருந்துக்குக்கூடக் கிடையாது. அத்தனை வருஷம் வீடு வீடாக அடித்தது யார்? வர்ணம் அடிக்கிற சின்ன பிரஷ் ஒன்றை வாங்கி, பொழுது விடியும்போதே கொடிக்குள் தலையை நுழைத்துப் பூவுக்குப் பூ தொட்டு வைக்க ஆரம்பித்தார். “காலையிலேயே கல்யாணத் தரகர் கிளம்பியாச்சு” என்று மனைவி சிரித்தாள். பாதி சம்பந்தம் கூடவில்லை.

அந்தக் கோடையில்தான் கடைக்குப் புதுப் பலகை மாட்டினார். பழைய தகரப் பெட்டிப் பலகை கொடி படரட்டும் என்று கொல்லைச் சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு நாள் காலையில் அதற்குள்ளிருந்து ரீங்காரம் கேட்டது. குனிந்து பார்த்தார். விளக்குக் கம்பி போவதற்காகப் போட்டிருந்த ஓட்டை வழியே தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. மல்லாந்த கரப்பானுக்குப் பின்னால், ‘ஒரு பூச்சி மிஞ்சாது!’ என்ற எழுத்துக்குப் பின்னால், ஒரு கூட்டமே குடியேறி அடை கட்டிக்கொண்டிருந்தது.

“அடியே, இங்க வா! ஓடி வா!” என்று கத்தினார். அவள் பல்பொடிக் கையோடு ஓடி வந்தாள்.

“பலகையைப் படிக்காம குடிவந்துட்டாங்களோ?” என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாழ்க்கையில் பூச்சிகள் அவரைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

பிரஷ்ஷுக்கு ஓய்வு கிடைத்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய கொடியில் பூசணி பூசணியாகக் காய்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் குடியிருப்புச் சங்கத் தலைவர். மருந்துக்காரருக்குப் போட்டியாக அவரும் மூட்டை உரம் போட்டு ஒரு பூசணி வைத்திருந்தார். அதுவும் இப்போது காய்த்துக் கொட்டியது. விடுவாரா? சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “உரம் சார், உரம்! உங்க சருகு, சாணமெல்லாம் கதைக்கு ஆகாது” என்றார். மருந்துக்காரர் பலகையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

கோடை முடிகிற சமயம், தலைவர் காய் பறிக்கக் கொடிக்குள் குனிந்து கையை விட்டபோது, பூவுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு தேனீ மூக்கில் கொட்டியது. ஒன்றே ஒன்றுதான். ஆனால் மூக்கு யாருடையது? மாலையில் சங்கக் கூட்டம் கூடியது. வீங்கிய மூக்கோடு தலைவர் தலைமை தாங்க, அத்தனை பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்க பழைய பலகைக்குள்ள இருக்கற அந்தக் கூட்டை அழிக்கணும். இல்லேன்னா குடியிருப்பு வேலை பூரா வேற ஆளுக்கு” என்றார் தலைவர்.

“சார், நான் அப்படியே தூக்கிக் கொண்டுபோய் வேற எங்கயாவது விட்டுடறேன்.”

“ஓட்டினா திரும்பி வரும், ஒரேயடியா முடிச்சிடணும். போன வருஷம் என் வீட்டுக் குளவிக்கு நீங்கதானே சொன்னீங்க? என் கண் முன்னால சாகணும் சார்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். குடியிருப்பு வேலைதான் மருந்துக்காரருக்குப் பாதிக் கடை. அது போனால் வீடு எப்படி நடக்கும்? அதற்காகத் தன்னை நம்பி வந்ததுகளைத் தன் கையாலேயே கொல்வதா? வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மனைவிதான் வழி சொன்னாள். “வேஷம் போடுங்க. வெறும் தண்ணியை அடிங்க. இருட்டற நேரத்துல எல்லாம் உள்ளதான் இருக்கும், செத்துப்போச்சுன்னு சொல்லிடலாம். விடியறதுக்குள்ள எங்கண்ணன் வண்டியில ஏத்தி அவன் நிலத்துக்கு அனுப்பிடலாம்.”

“நீ மட்டும் என் தொழிலுக்கு வந்திருந்தா எங்கயோ போயிருப்பே” என்றார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். தலைவர் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு ஏறி நின்றார். மருந்துக்காரர் முகமூடி, பூட்ஸ், கையுறை சகிதம் ராஜநடை நடந்து வந்தார். தொட்டியைத் திறந்து, எல்லோரும் பார்க்க, குழாயிலிருந்து பச்சைத் தண்ணீரைப் பிடித்தார். சின்னப் பாட்டிலிலிருந்து கரைத்த சமையல் மஞ்சளை ஊற்றினார், மருந்து மாதிரி தெரியட்டும் என்று. பலகையின் ஓட்டைக்கு நேரே குழலை நீட்டி, மனசுக்குள் “பயப்படாதீங்க கண்ணுங்களா, வெறும் தண்ணிதான்” என்று சொல்லிக்கொண்டே அடித்தார்.

ரீங்காரம் உயர்ந்தது. சரி, பயந்துவிட்டதுகள் என்று நினைத்தார். பிறகு ஓட்டையிலிருந்து ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. காலைக் காலை உதறிக்கொண்டு, தரையில் வட்டமடித்து, மல்லாந்தது. அப்புறம் கொத்துக் கொத்தாக.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தோட்டம் கெட்டுவிடக்கூடாது என்று அந்தத் தொட்டியை எத்தனை மாதமாகக் கழுவவில்லை! ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றிய அத்தனை விஷமும் அடியில் கெட்டியாக உறைந்து கிடந்தது. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்துவிட்டார் மனுஷன். குழலைக் கீழே போட்டார். பலகையைத் திருகிப் பிரித்தார். அடை நிறையத் தேன் இருந்தது, புழுக்கள் இருந்தன, அசைவதற்குத்தான் அநேகமாக ஒன்றும் இல்லை. மீந்த சில நடுங்கி நடுங்கி அவர் கையுறையில் ஏறி அங்கேயே விழுந்தன. ரீங்காரம் சுத்தமாக அடங்கியது.

தலைவர் கைதட்டினார். ஜன்னல்களும் தட்டின.

“சபாஷ் சார்! இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உருப்படியா வேலை செஞ்சிருக்கீங்க. போர்டுல போட்டபடியே ஒண்ணு மிஞ்சல!”

மருந்துக்காரர் முகமூடியைக் கழற்றவில்லை. கழற்றினால் அழுவது தெரிந்துவிடும். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுவாத குழாய் என்று அவள் சொல்லிக்காட்டவில்லை. துடைப்பத்தை எடுத்தவள் கூட்ட மனசில்லாமல் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தாள். இருவருமாகக் கொடியின் அடியில் புதைத்தார்கள்.

குடியிருப்பு வேலை அவருக்கே கிடைத்தது. கூடவே பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் கூப்பிட்டார்கள். அவர் தொட்டியை மட்டும் இப்போது தினமும் கழுவுகிறார், கடைக்குத் தனியாகக் குழாய் போட்டு.

மழை வந்தது. இரண்டு பக்கத்துப் பூசணியும் பூத்தன. ஒரு காலையில் மருந்துக்காரர் பிரஷ்ஷும் கையுமாகக் கொடிக்குள் குனிந்திருந்தபோது, தலைவர் சுவரில் எட்டிப் பார்த்தார்.

“சார், நம்ம கொடியில பிஞ்சு நிக்கவே மாட்டேங்குது. மூட்டை மூட்டையா உரம் போட்டாச்சு. நல்ல மருந்தா ஒண்ணு அடிச்சு விடுங்களேன்.”

மருந்துக்காரர் நிமிர்ந்து, கையிலிருந்த பிரஷ்ஷைச் சுவர் மேல் வைத்தார். “பிடிங்க சார். நான் வேற வாங்கிக்கறேன். தினம் விடியும்போது எழுந்திருச்சு ஆண் பூவைத் தொட்டுப் பெண் பூவுல தடவணும். ஒரு பூ விடக்கூடாது.”

“தினமுமா? கோடையில இதெல்லாம் யார் செஞ்சா?”

மருந்துக்காரர் காலி பலகையைக் காட்டினார். தலைவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே மூக்கைத் தடவினார். பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எத்தனை நாளைக்கு சார் இப்படிச் செய்யணும்?”

“ஒண்ணாவது மிஞ்சியிருந்தா சொல்லியிருப்பேன் சார்” என்றார் மருந்துக்காரர்.