மலையேறாத வேனும் எண்பது லிட்டர் வீட்டுத் தண்ணீரும்

தொடைக்குக் கீழே தோசைக்கல்லை வைத்தது போன்ற அந்தச் சூடு இன்னும் என் உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது. கூடவே காய்ந்த எண்ணெயும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாடை. எங்கள் அப்பாவின் பழைய வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. ஆகவே மேடு ஏறும்போது அது பட்ட பாட்டையெல்லாம் மேலே உட்கார்ந்திருந்த நாங்களும் சேர்ந்தே பட்டோம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட அந்த வேனை வாங்கி, பின்சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டு, பலகைக் கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு எல்லாம் பொருத்தி, "ஓடுற வீடு" என்று பெயர் வைத்தார். சமதரையில் ஓடியது, இல்லையென்று சொல்லவில்லை. கெப்பாலா பத்தாஸ் வரைக்கும் போய் வயலோரம் நிறுத்தி மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்டால் ராஜவாழ்க்கைதான். ஆனால் பாயா தெருபோங் மேட்டைக் கண்டாலே அதற்கு மூச்சு வாங்கும். ஏர்கோன் குளிரை அடைத்து, இரண்டாம் கியருக்கு இறங்கி, அதுவும் போதாமல் முதல் கியருக்கு வந்து, முள் இருபதைத் தொடுவதற்குள் பின்னால் பத்துக் கார் ஹாரன் அடிக்கும். "பவரே இல்லலா இந்த வண்டிக்கு" என்று அம்மா சொன்னால், "ஸ்பீடு எதுக்கு? ஏறினாப் போதும்" என்பார் அப்பா. அதுதான் ஏறவில்லையே!

போதாக்குறைக்குத் தண்ணீர். வெளியூர்த் தண்ணீர் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அப்பாவுக்கு ஒரு பிடிவாதம். எங்கே போனாலும் நான்கு பெரிய "தோங்"குகளில் எண்பது லிட்டர் வீட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஏற்றிவிடுவார். அருவி கொட்டுகிற கேமரன் மலைக்குப் பினாங்கிலிருந்து தண்ணீர்! கேட்பவர்கள் சிரிப்பார்கள், எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

எனக்குப் பதினோரு வயதான அந்தப் பள்ளி விடுமுறையில் சின்னம்மா கன்னியர் மடத்தில் சேரப் புறப்பட்டார். அம்மாவின் ஒரே தங்கை. தாயை இழந்து அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். கேமரன் மலையில் ரிங்லெட்டில் இருந்த மாமா வீட்டுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு மடத்துக் கார் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில், கல்யாணமோ மடமோ, பெண் வீட்டை விட்டுப் போகும்போது தாய்தான் தலைவாரிப் பின்னி, பூ வைத்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். தாயின் இடத்தில் இருந்தவர் அம்மா. ஈரத் துணியில் சுற்றிய மல்லிகைச் சரத்தை வழியெல்லாம் மடியை விட்டு அவர் இறக்கவே இல்லை.

தாப்பாவில் மலைப்பாதையைப் பிடித்தபோது மணி ஒன்பதரை. மற்ற வண்டிகளுக்கு அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம். எங்கள் வேனுக்கு மூன்றாவது வளைவிலேயே சூட்டுமுள் சிவப்பில் போய் நின்றது. சீட்டைத் தூக்கி, ஈரச்சாக்கைப் போட்டு ஆறவைத்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டினால் மறுபடியும் சிவப்பு. "பாத்தியா, தண்ணி கொண்டுவந்தது எவ்ளோ நல்லதாப் போச்சு" என்று அப்பாவுக்குப் பெருமை வேறு! பாரத்தைக் குறைத்தால் ஏறும் என்றார். சரி, எதை இறக்கினார் என்று நினைக்கிறீர்கள்? எங்களை! அம்மாவும் நானும் தம்பியும் மேட்டில் நடந்தோம், தண்ணீர் சொகுசாக வேனில் போனது.

"அந்தத் தண்ணிய ஊத்தித் தொலைங்களேன்" என்று அம்மா கத்தினார். "ராத்திரிக்குப் புள்ளைங்க எதக் குடிக்கும்?" என்றார் அப்பா. பக்கத்துப் பாறையில் அருவி சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது.

பதினொரு மணி சுமாருக்கு ஒரு பஸ் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. டிரைவர் தமிழர். "அக்கா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஏறுங்கலா. பன்னெண்டுக்குள்ள ரிங்லெட்ல விட்டுர்றேன்" என்றார். அம்மா படியில் ஒரு காலை வைத்துவிட்டார், நான் பார்த்தேன். எஞ்சினிலிருந்து தலையைத் தூக்காமலே, "போலே லா, முடியும், இன்னும் ரெண்டு கோனர்தான், ஏறிடும்" என்றார் அப்பா. அம்மா காலை எடுத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது. ரெண்டு கோனராம், ரெண்டே வளைவு!

மாமா வீட்டு வாசலில் போய் நின்றபோது மணி இரண்டேகால். "ஒரு மணி வரைக்கும் தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தா, அக்கா வந்து பின்னும்னு" என்றார் மாமா. "கார்க்காரங்க அவசரப்படுத்தவும் அவளே முடிஞ்சுக்கிட்டுப் போய்ட்டா." நாங்கள் எஞ்சினைச் சுற்றிக் குனிந்து நின்ற ஏதோ ஒரு வளைவில்தான் அந்தக் கார் எங்களைக் கடந்து இறங்கியிருக்க வேண்டும். அப்பா தோங்குகளை இறக்கிவைத்தார். மூன்றில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. வேனை வாங்கிய காய்கறிக்காரர் அதைத் தாசேக் கெலுகோர் பக்கம் சமதரையிலேயே ஓட்டினார். பிறகு என்ன ஆனதென்று தெரியாது. அந்த நாளைப் பற்றி நான் எப்போது கோபப்பட்டாலும், "உங்கப்பாவத் தனியா ரோட்டுல விட்டுட்டா போறது?" என்று அம்மா என் வாயை அடைத்துவிடுவார்.

போன மாதம் அவரை என் காரில் அதே பாதையில் கூட்டிப்போனேன். கால் வைத்ததும் முனகாமல் அறுபதில் ஏறுகிற கார். அம்மா திடீரென்று, "அந்தப் பஸ்ல நான் ஏறியிருக்கணும்டி" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக முப்பது வருடம் மல்லுக்கு நின்றவள் நான். ஆனால் என் வாயில் வந்தது, "நீ போயிருந்தா அப்பா தனியா என்னம்மா பண்ணியிருப்பாரு?"