உலக இசைக் கூடாரம்

நரம்பைத் திட்டிக்கொண்டேதான் சுருதி சேர்ப்பாள் ஓப்பல் மோய். "ஏறித் தொலையேன் சனியனே" என்று பாஞ்சோவின் பிரடையைத் திருகுவாள். புல்வெட்டும் இயந்திரங்களைப் பிரித்து மாட்டுகிற கை. நகக்கண்ணில் கரி போவதே இல்லை. பிறந்தது, படித்தது, கடை வைத்தது எல்லாம் மேற்கு வர்ஜீனியா மலைக்குள் அதே ஊரில்தான்.

அவளுடைய பாஞ்சோவின் கழுத்தில், வீணையில் இருப்பதுபோல விரல் பதிக்கும் மெட்டுகள் கிடையாது. அப்பா, சமையற்கட்டு ஓய்ந்ததும், பாம்புத்தோல் போர்த்திய சான்ஷியன் என்ற மூன்று நரம்புச் சீன வாத்தியத்தை மடியில் வைத்துக்கொள்வார். அதிலும் மெட்டுகள் இல்லை. அவர் விரல் நரம்பில் வழுக்கிய விதத்தை ஓப்பல் மலைநாட்டு ஆட்டப்பாட்டுக்குள் கொண்டுவந்தாள். ஆடுகிறவர்களின் கால் அந்த இடத்தில் காற்றில் கொஞ்சம் தயங்கி, பிறகுதான் பலகையில் விழும். அவளோடு சேர்ந்து பிடில் வாசிக்கும் க்ளீட்டஸுக்கு அங்கே வந்தாலே சிரிப்பு வந்துவிடும்.

நகரத்துச் சீனச் சங்கத்தில் அவள் வாசித்ததைக் கேட்ட ஒரு பெரியவர், "நம்ம பாட்டைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டாய்ல கட்டிட்டியேம்மா" என்றார்.

"மாடு முழுசாக் கேட்டுச்சு, பெரியப்பா. நீங்கதான் பாதியில எழுந்துட்டீங்க" என்றாள்.

இந்த ஆகஸ்ட் திருவிழாவில், வருஷா வருஷம் வாசித்த பழம்பாட்டு மேடையில் ஓப்பல், க்ளீட்டஸ் இருவரின் பெயரும் இல்லை. 'உலக இசைக் கூடாரம்' என்று புதிதாக ஒன்று போட்டு, நூடுல்ஸ் கடைக்குப் பக்கத்தில் இவர்களை அங்கே ஒதுக்கியிருந்தார்கள்.

"அங்கதான் நீ நல்லா எடுபடுவ, கண்ணு" என்றாள் விழாக்குழு டார்லா. "பட்டு கவுன் ஏதாச்சும் இருந்தா போட்டுட்டு வாயேன்."

"போன வாரம் உன் புல்வெட்டியைச் சரி பண்ணிக் குடுத்தேனே, அப்ப நான் எந்த நாட்டுக்காரி டார்லா?"

"விடு ஓப்பல். எங்க வாசிச்சா என்ன?" என்று க்ளீட்டஸ் குறுக்கே வந்தான்.

"உனக்கு என்னவா இருக்கும்? உன்னை யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டாங்களா?"

ஓப்பல், வண்டிகள் நிற்கும் புல்வெளிக்குப் போய், தன் லாரியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். கோபத்தில் தாளம் முந்தியது. ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் ஏறி ஆடக் கதவுப் பலகை ஒன்றைத் தூக்கிவந்து புல்லில் போட்டான்.

டார்லா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பழம்பாட்டு மேடைக்கே வந்துடு. அங்க ஈ ஓட்டுறாங்க."

ஓப்பல் நரம்பை இன்னும் ஓங்கி அடித்தாள். கூட்டத்துக்குப் பின்னால் க்ளீட்டஸ் பிடிலைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தான். அவனையும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாசிப்பை நிறுத்தாமல், பக்கத்தில் கிடந்த கருவிப் பெட்டியைக் காலால் தள்ளி, ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.