சத்துக்குளிசைப் போத்தல்

பி விட்டமின் போத்தலின் மூடியைத் திருகினால் ஒரு மணம் வரும். புளித்த மா, நனைந்த வைக்கோல், கொஞ்சம் இரும்பு. எங்கே அது மூக்கில் ஏறினாலும் யாழ்ப்பாணத்து ஆசுபத்திரி வாங்குப்பலகை எனக்குள் வந்து குந்திவிடும்.

தங்கச்சியின் பிள்ளைக்குப் பிறந்த கிழமையே வலிப்பு. மருந்துக்கு மேல் மருந்து, ஒரு வருடமாகியும் நிற்கவில்லை. சில பிள்ளைகளின் உடம்புக்கு ஒரு விட்டமினைப் பயன்படுத்த வராது, அது பரம்பரையாய் வருகிறது, இரத்தத்தில் பார்க்கலாம் என்றார் டொக்டர். தாயும் தகப்பனும் சொந்தமோ என்று கேட்டார். ஓம், மச்சான் மச்சாள் என்று நான்தான் சொன்னேன். தங்கச்சி தன் ஆறுமாத வயிற்றைச் சால்வையால் மூடினாள். வேறு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களோ என்றதற்கு, இல்லை என்றாள்.

இரத்தம் எடுக்கிற அன்று காலை, ஆசுபத்திரி வாங்கில் வைத்து, பிள்ளையின் வாய் துடைக்கத் துவாய் எடுக்க அவளுடைய பையைத் திறந்தேன். அந்த மணம். கனடாவிலிருந்து வந்த போத்தல். நுணுக்கிப் பாலில் கொடுத்து வந்திருக்கிறாள்.

"உந்தக் குளிசையைப் பற்றி ஏனடி டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

"அது மருந்தில்லை அக்கா. சத்துக்குளிசை. கனடாச் சாமான்."

எங்களுக்குப் பார்சலில் வருவது எதுவும் மருந்தாகாது. சொக்லேற், சவர்க்காரம், குளிசை, எல்லாம் ஒரே பெட்டி. இடையில் வலிப்புக் குறைந்ததை அவள் கோயில் நேர்த்திக்கடனின் கணக்கில் போட்டிருந்தாள். சீனிக்கு இரத்தம் பார்க்கிறவர்கள் சாப்பிடாமல் போவதுபோல, இரத்தம் சுத்தமாயிருக்கட்டும் என்று முந்தநாளே குளிசையை நிறுத்தியும் விட்டாளாம்.

நீர்வேலித் தோட்டங்களில் பெருங்காற்றுக்கு முந்தி வாழைக் குருத்தின் நுனி மட்டும் ஆடும். மடியில் கிடந்த பிள்ளையின் பெருவிரல் அப்படி ஆடியது. பிறகு கண் ஒரு பக்கம் இழுத்தது. பிறகு முழு உடம்பும்.

போத்தலோடு உள்ளே ஓடினேன். டொக்டர் ஏசவில்லை, ஏசியிருக்கலாம். இரத்தத்தை எடுத்துவிட்டு, உடனேயே அந்த விட்டமினை ஊசியால் ஏற்றினார்கள். துடிப்பு அடங்கியது. அடங்கியதுதான் எனக்குப் பயமாயிருந்தது; அப்ப டொக்டர் சொன்ன பரம்பரை வருத்தம்தானோ. முடிவு வெளிநாட்டிலிருந்து வரவேணும், அதுவரை எதையும் உறுதியாய்ச் சொல்லேலாது, ஆனால் விட்டமினை ஒரு நாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார் டொக்டர்.

நோயாளரைப் பார்க்கிற நேரம் முடிந்து மணி அடித்தது. தாயையும் பிள்ளையையும் வாட்டிலேயே தங்கச் சொல்லி மறித்திருந்தார்கள். வாறன் என்று எழும்பினேன். தங்கச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கை பிள்ளையில், மற்றக் கை வயிற்றில்.

"அந்தப் போத்தலை எறிஞ்சு போடாதை அக்கா. மற்றதுக்கும் தேவைப்படும்."