மாமன் ஊட்ட வந்த கோழிக்கால்

தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த பொன்னையாவின் மனைவி சுகிர்தத்தைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடை வாசலில் லாரியை நிறுத்திவிட்டு நியாயம் பேசுகிற டிரைவரைக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஒரே சத்தத்தில் கிளப்பிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கும் ஒரு பயம் இருந்தது. டைபாய்டு. அவளுடைய அம்மா ஞானபாக்கியத்தை அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல்தான் கொண்டுபோனது. தேறிவிட்டாள் என்று எல்லோரும் மூச்சுவிட்ட வாரத்தில் திரும்பி வந்து கொண்டுபோனது. அப்போது தம்பி ஜெயசிங் தவழ்கிற பிள்ளை. பாவாடை கட்டின வயதிலேயே அவனை இடுப்பில் தூக்கி, ஊட்டி, வளர்த்து ஆளாக்கியவள் சுகிர்தம்.

எண்பத்தாறாம் வருஷம் அதே காய்ச்சல் அவள் மகளுக்கு வந்தது. பாட்டி பேரை வைத்த மகள். பாக்கியம் எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் சொன்னார்: "கறி குடுக்கலாம்மா. ஆனா நல்லா வெந்திருக்கணும். குடல் இன்னும் புண்ணாத்தான் கிடக்கு. மறுபடி காய்ச்சல் வந்தா பிள்ளை தாங்காது."

நோயிலிருந்து எழுந்த பெண்பிள்ளைக்கு முதல் கறியைத் தாய்மாமன் ஊட்டுவது அந்தக் குடும்பத்தில் வழக்கம். அதுவும் முழுக் கோழிக்கால். கத்தி படக் கூடாது. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஜெயசிங் அதற்காகத்தான் வந்தான். கூடவே ஒரு பெரிய பெட்டியும் வந்தது. மைக்ரோவேவ் ஓவன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் அவன் சமையலறைக்குள் புகுந்துகொண்டான்.

"யக்கா, அடுப்பை அமத்து. இன்னைக்குச் சமையல் என் பொறுப்பு."

"ஏலே, பச்சைக்கறிடா. இதுல வேகுமா?"

"அங்கன வீட்டுக்கு வீடு இதான். பத்தே நிமிஷம்."

சுகிர்தம் கடையிலேயே கனமான எவர்சில்வர் தட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அவன் பதறிப்போய்த் தள்ளினான். "ஐயையோ, எவர்சில்வர் ஆகாது, பொறி பறக்கும்!" பொன்னையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாத்திரக்காரன் வீட்டில் பாத்திரம் ஆகாதாம்! கடைசியில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் அப்பிய கறியை வைத்து, மேலே கத்தி படாத இரண்டு முழுக்காலையும் வைத்தான்.

பித்தானை அழுத்தியதும் ஓவன் உறுமியது. கூடத்து பல்பு மஞ்சளாக மங்கியது. தோட்டங்களில் பம்புசெட் ஓடுகிற நேரம். தேனியில் அந்த நேரத்துக் கரண்டு அழுது வடியும். குவைத் கரண்டுக்குச் சொன்ன பத்து நிமிஷம் இந்தக் கரண்டுக்குப் போதுமா? கேட்க வாயெடுத்தாள் சுகிர்தம். மணி அடித்துவிட்டது. கிண்ணத்திலிருந்து ஆவி பறந்தது, மணமும் இருந்தது.

"ஒரு காலைப் பிச்சுப் பாத்துருவோம்லே."

"என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

அவன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ரோஷக்காரன் வேறு. ஒரு கல்யாணத்தில் யாரோ பந்தியில் உட்காரச் சொல்லவில்லை என்று வருஷக்கணக்கில் அந்த வீட்டுப்படி மிதிக்காதவன். சுகிர்தம் தட்டு எடுக்கப் போனாள்.

தட்டு போட்டாகிவிட்டது. ஜெபம் முடியாமல் யாரும் கை வைக்கக் கூடாது. பொன்னையாவின் ஜெபமோ உலகத்து நாடுகளையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். சுகிர்தம் மூடவில்லை. மகளின் தட்டிலிருந்த காலிலிருந்து ஏதோ கசிந்து சோற்றில் இறங்கியது. மஞ்சள்தான் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். மஞ்சள் இல்லை, லேசான சிவப்பு. மெல்லக் கையை நீட்டி மூட்டுப் பக்கம் விரலை விட்டுப் பிளந்தாள். மேலே கொதித்த கறி உள்ளே சில்லென்று இருந்தது. எலும்பை ஒட்டி ரத்தம்.

"ஆமென்" என்றார் பொன்னையா. அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெயசிங் அந்தக் காலிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துப் பாக்கியத்தின் வாய்க்குக் கொண்டுபோய்விட்டான்.

"நிறுத்துலே!"

பாக்கியம் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"உள்ள பச்சை ரத்தம்டா. பாரு!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை பேர் முன்னால். "அது... அது அப்படித்தான் இருக்கும்க்கா. ஒண்ணும் செய்யாது. இந்தா, நானே திங்கேன் பாரு!" என்று துண்டைத் தன் வாய்க்குக் கொண்டுபோனான்.

சுகிர்தம் ஓங்கி அவன் கையிலேயே அடித்தாள். துண்டு சுவரில் போய் விழுந்தது.

"அவ மட்டுந்தான் எனக்குப் பிள்ளையா? உன்னைய எதுக்குலே வளத்தேன்? சாகக் குடுக்கவா?"

ஜெயசிங் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"நான் அதுல பச்சைக்கறி வச்சதே இல்லக்கா. நாங்க தங்குற கேம்ப்ல ஆக்கின சோத்தைச் சூடு பண்ணத்தான் வைப்போம்."

"பெறகு ஏண்டா சொன்ன?"

"மாமன் முறை செய்யப் போறேன். வெறுங்கையா நிக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

சுகிர்தம் எழுந்தாள். ரத்தம் பட்ட சோற்றைக் கொட்டினாள், எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள், கறியை அப்படியே சட்டியில் கவிழ்த்து அடுப்பில் ஏற்றினாள். பின்னாளில் அவள் அந்த ஓவனிலும் கோழி சமைத்தாள் என்பது வேறு கதை. சின்னச் சின்னத் துண்டாய் நறுக்கி, மூடி வைத்து, பாதியில் எடுத்துக் கிளறிவிட்டு, பல்பு மங்கினால் நேரத்தைக் கூட்டி, இறக்கியபின் கொஞ்சம் ஆறவிட்டு, இருப்பதிலேயே பெரிய துண்டைப் பிளந்து பார்த்த பிறகே பரிமாறுவாள். மணி அடித்துவிட்டது என்பதற்காக ஒருநாளும் நம்பியதில்லை.

அன்றைக்குச் சட்டி இறங்கியபோது கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. ஜெயசிங் காலை எடுத்து மூட்டு வரைக்கும் பிளந்து அக்காவிடம் நீட்டினான். உள்ளே எங்கும் சிவப்பில்லை. அவள் தலையாட்டினாள். பாக்கியத்துக்கு ஊட்டினான். "நல்லாருக்கு மாமா" என்று மென்றாள் பிள்ளை.

அடுத்த துண்டை ஊதி ஆற்றி அவன் அக்காவின் வாய்க்கு நேரே கொண்டுவந்தான்.

"எனக்கு எதுக்குலே?" என்றாள் சுகிர்தம். சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தாள். கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. அம்மா போன பிறகு அவளுக்கு யாரும் ஊட்டியதில்லை.