மதாம்மாவுக்கு இங்கிலீஷ் திருத்தியவர்

எங்கள் அத்தை பேசிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இல்லை. துணிமூட்டையோடு படியேறி இறங்கிக் காதால் பிடித்தது. அப்பாவுக்கு நேர் இளைய தங்கை அவள். மட்டாஞ்சேரியில் அன்றைக்கு எங்கள் வீட்டு வெளுப்புக்கும் மடிப்புக்கும் ஈடு கிடையாது, இதை யாரிடமும் சொல்வேன். அப்பா துவைப்பார், அம்மா கஞ்சி போடுவாள், அத்தை சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். நான் சின்னப் பெண், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன்.

புதன்கிழமை என்றால் மதாம்மா வீடு. படகுத்துறைக்குப் போகிற வழியில், சுக்குக் கிடங்குக்கு மேலே மச்சில் இருந்தார். ஆங்கிலோ இந்தியக்காரர், நல்ல வயது. வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகளும் ஆஸ்திரேலியாவுக்குப் போன பிறகு அவர் பாஷையில் பேச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அழுக்கே படாத விரிப்பைக்கூட எடுத்துப் போடுவார். வெளுத்ததையே வெளுக்கக் கொடுக்கிறாளே என்று அப்பா சிரிப்பார். அத்தை சிரிக்க மாட்டாள். அங்கே போனால் எங்களுக்குச் சாயா உண்டு, ஒரு கேக்குத் துண்டு உண்டு, அப்புறம் இரண்டு பேரும் பேசத் தொடங்கினால் வெயில் சாய்ந்துவிடும்.

அந்தப் பேச்சு இருக்கிறதே, அது வார்த்தை வார்த்தையாக வராது. ஒன்றின் வால் அடுத்ததின் தலைக்குள் போய்விடும். நடுவில் பாதி எழுத்து காணாமல் போகும். அடுத்த புதன்கிழமை வா என்பதற்கு மதாம்மா 'நெக்ஸ்வென்ஸ்டே' என்று ஒரே மூச்சில் வழுக்கிவிடுவார். ஈரத்துணி கையிலிருந்து நழுவுகிற மாதிரி இருக்கும். அத்தையும் அப்படியேதான் சொல்வாள்.

அத்தைக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. வீடு வீடாகப் போய் இங்கிலீஷ் பேசுகிற பெண் அடங்கி இருப்பாளா என்று வந்தவர்கள் எல்லாம் எழுந்து போனார்கள். கடைசியில் அந்த இங்கிலீஷைக் கேள்விப்பட்டே ஒருவர் வந்தார். படகில் போகிற துறைமுகத்து ஐலண்டில் கப்பல் ஆபீஸ் குமாஸ்தா. அவர் அப்பாவும் வெளுக்கிறவர்தான். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிக் கூட்டித் தானே படித்தாராம்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பாடச் சொல்வார்கள் என்று அம்மா ஒரு பாட்டைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். மாப்பிள்ளையோ இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அந்த மதாம்மா வீட்டுக்கு இனி எப்போது போக வேண்டும் என்று கேட்டாராம். அத்தை தலையைக் குனிந்துகொண்டு 'நெக்ஸ்வென்ஸ்டே' என்றாள்.

மாப்பிள்ளை முகம் சுருங்கியது. அப்படி இல்லை, 'நெக்ஸ்ட் வெட்னெஸ்டே' என்று ஒவ்வொரு எழுத்தாக, கல்லில் துணி அடிக்கிற மாதிரி சொல்லிக்காட்டினார். கூட வந்த அவருடைய பெரியப்பாவுக்கு இது போதாதா?

"வண்ணாத்தி கையில துணிதான் தொலையும்பாங்க. இவ எழுத்தையே தொலைச்சிட்டு நிக்கிறா. வாயில ஏதும் கோளாறா?"

அத்தையின் காது சிவந்துவிட்டது. அப்போது மாப்பிள்ளை சொன்னார்: "கோளாறு ஒண்ணும் இல்ல பெரியப்பா. யாரும் சொல்லிக் கொடுக்கல. எனக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தா?"

அத்தை அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவரை ஒழுங்காகப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு, தேய்த்து மடித்து வைத்த சட்டையை எடுத்து மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னாள்.

ஆனால் மறுநாள் பெரியப்பாவிடமிருந்து ஆள் வந்தது. பெண்ணின் இங்கிலீஷ் சரிதானா என்று அந்த மதாம்மா வாயால் கேட்ட பிறகுதான் தாம்பூலம் என்றார்களாம். மாப்பிள்ளையே வந்து கேட்கிறாராம். அப்பாவுக்கு ஒரே கோபம். அத்தைதான் "வரட்டும் அண்ணா" என்றாள். தனியாக அனுப்ப முடியாதென்று என்னையும் கூட அனுப்பினார்கள்.

மாப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்திருந்தது. வழியில் எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். கேட்க வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மச்சுக்கு ஏறியதும் மதாம்மா எல்லாரையும் உட்காரச் சொன்னார். மாப்பிள்ளை உட்காரவில்லை. நின்றபடியே, ஓர் எழுத்து விடாமல், நீளமாகக் கேட்டார். இங்கிலீஷில் எல்லா எழுத்தையும் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி என்று பிற்பாடு அத்தை சொன்னாள். மதாம்மா காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். புரியவில்லை. மாப்பிள்ளை மறுபடி சொன்னார், இன்னும் அழுத்தமாக. மதாம்மா அப்போதும் விழித்தார். பிறகு அத்தையைத் திரும்பிப் பார்த்தார், இவர் என்னதான் சொல்கிறார் என்று கேட்கிற மாதிரி.

மாப்பிள்ளையின் கை சட்டை நுனியைப் பிடித்துக் கசக்கியது. அத்தனை நேரம் நிமிர்ந்து நின்றவர் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பையன் மாதிரி ஆகிவிட்டார்.

அத்தை எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கேட்டதையே அவள் கேட்டாள். ஆனால் அவளுடைய பேச்சில் இல்லை, அவருடைய பேச்சில். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, ஒன்றையும் விழுங்காமல். அந்த மாதிரி அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

மதாம்மா அத்தையை ஒரு தரம் பார்த்தார். மாப்பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். மடியிலிருந்த கைக்குட்டையை மெதுவாக மடித்து வைத்தார். பிறகு அவரும் அப்படியே பேசினார். ஆமாம், எல்லா எழுத்தையும் சொல்ல வேண்டியதுதான் என்றாராம். இரண்டு பேருமாக ஒரு நாள் சாயாவுக்கு வர வேண்டும் என்று சொல்லி, "நெக்ஸ்ட்... வெட்... னெஸ்... டே" என்று முடித்தார். வழுக்கிக்கொண்டு ஓடுகிற அந்த நாக்கு கல்லு முள்ளில் நடக்கிற மாதிரி நடந்தது.

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்து, மெல்ல, "கேட்டாச்சா?" என்றார்.

"கேட்டாச்சு" என்றாள் அத்தை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு பெரிய படிப்பாளி எங்களுக்கு மாமாவாக வருகிறார். வந்து சாயா ஆறுவதற்குள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷைத் திருத்திவிட்டாரே, அதுவும் மதாம்மாவுக்கே என்று நினைத்தேன். அம்மாவிடம் போய்ச் சொல்லக் கால் பரபரத்தது.

அவர் சைக்கிள் எடுக்க முதலில் இறங்கிப் போனார். படி வாசலில் மதாம்மா அத்தையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. வேகவேகமாக என்னவோ சொன்னார், பழையபடி பாதியை விழுங்கி. அத்தையும் பழையபடியே விழுங்கி விழுங்கிப் பதில் சொன்னாள். கிசுகிசுவென்றுதான் பேசினார்கள், கீழே இருந்தவருக்குக் கேட்டிருக்காது.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்தாரே மனுஷன், அவர் படி இறங்குவதற்குள் இரண்டு பேரும் மறந்துவிட்டார்களே. பாவம், இதை மாமாவிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.