ஏரி என்று நினைத்த கடல்

1940களில், நான் சிறுமியாக இருந்தபோது, அரியலூர்ப் பக்கம் அம்மி கொத்திக்கொண்டிருந்த அப்பா எங்களை ஊர் ஊராக அழைத்துப்போய், கடைசியில் நாகப்பட்டினத்தில் கடலோரம் குடிசை போட்டார்.

எங்கள் ஊர் ஏரியில் செய்வதுபோலவே அம்மா, தங்கையைக் கரையோரத் தண்ணீரில் உட்காரவைத்து, கடலுக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் தேய்த்தாள். பெரிய அலை ஒன்று வந்து திரும்பியது. பாப்பாவைக் காணோம். எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை.

"ஊருக்கே போயிடலாம் புள்ள" என்றார் அப்பா.

"பாப்பாவ இங்க வுட்டுட்டு எப்படிங்க வர்றது?" என்றாள் அம்மா.

அப்படித்தான் நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆனோம்.

எனக்கு யாரிடமும் பேசக் கூச்சம். ஆனாலும் கரையில் குழந்தையோடு வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் கிட்டே போய், "கடலுக்கு முதுகக் காட்டாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.