பஸ்ஸில் பின்னிய சதுரங்கள்

ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்த பிறகு எனக்குக் குரோஷா பின்னுவதுதான் வேலை. சுங்குவார்சத்திரத்தில் எங்கள் மாடி வீட்டு ஜன்னலோரம் நூல்கண்டோடு உட்கார்ந்தால் மெயில் இல்லை, மீட்டிங் இல்லை, தலைமேல் நின்று 'அர்ஜென்ட்' என்று உயிரை எடுக்க ஆளும் இல்லை. சொர்க்கம்தான், பொய் சொல்வானேன். ஆனால் பேச்சுத் துணை இல்லாத சொர்க்கம்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். அவள் பிள்ளைப்பாக்கத்தில் ஏறுவாள். அதுவரை என் சாப்பாட்டுப் பை அவள் சீட்டைப் பிடித்து வைத்திருக்கும். குரோஷாவை எனக்குப் பழக்கியதே அவள்தான். சின்னச் சின்னச் சதுரங்களாக ஆளுக்குப் பாதி பின்னி ஒரு போர்வை செய்வதாக ஏற்பாடு. இரண்டு பேரும் வேலையை விட்டபின் என் வீட்டில் உட்கார்ந்து சேர்த்துத் தைக்க வேண்டும்.

"பொண்ணு பிளஸ் டூ முடிக்கட்டும். நானும் பேப்பர் போட்டுட்டு வந்துர்றேன்" என்றாள். நம்பி நான் முதலில் வந்துவிட்டேன்.

பெண் காலேஜுக்கும் போய்விட்டாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி தன் சதுரங்களைப் பையோடு கொண்டுவந்து என் கட்டில்மேல் கொட்டினாள்.

"மேனேஜர் ஆக்கிட்டாங்கடி. இப்போ கார் வருது. அதுல ஏறுனா போன்தான், எங்க பின்றது? நீயே சேத்துடு."

என் சதுரம் ஒன்றை எடுத்துத் தன்னுடையதன்மேல் வைத்துப் பார்த்தாள். "இன்னாடி இது, உன்னுது மட்டும் ஊத்தாப்பம் மாதிரி கீது?"

பஸ் பிரேக் போடும்போது ஊசியிலிருந்து நூல் நழுவாமல் இருக்க இழுத்து இழுத்துப் பின்னுவோம். அவள் சதுரங்கள் அப்படி இறுக்கமாக வந்தவை. நான் வீட்டில் நிதானமாகப் பின்னியதெல்லாம் தளர்ந்து பெரிதாகிவிட்டது. ஒன்றோடொன்று சேராது.

"நீ வராம எப்படிடி சேரும்?" என்றேன். போர்வையைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவளும் அதை அப்படியே குடித்துவிட்டுப் போனாள்.

வீட்டில் இழுத்துப் பின்னிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கடைசியில் நேற்றுக் காலை ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு ஒரகடம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கை தானாகப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தது.

கண்டக்டர் பையைப் பார்த்தார். "யாராச்சும் வராங்களாக்கா?"

"பிள்ளைப்பாக்கத்துல ஏறுவாங்க."

வேகத்தடைக்கு வேகத்தடை நூலை இழுத்துப் பிடித்தேன். சதுரம் சரியான அளவில் வந்தது. பிள்ளைப்பாக்கத்தில் ஏறிய எல்லா முகத்தையும் பார்த்தேன். பஸ் கிளம்பிய பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.